பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு வசந்தம்: நியூஃபவுண்ட்லாந்தின் மார்ச் மாதத்தைக் கணிப்பது ஏன் கடினம்?

கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது நியூஃபவுண்ட்லாந்துத் தீவு. அதன் தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்கு மார்ச் மாதத்தில் வரும் வானிலை அறிவிப்புகளில் ஒரு வகை அடிக்கடி கண்ணில் படும். மாலையில் பனிப்பொழிவு தொடங்கும், 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை விழலாம். நள்ளிரவில் அது சிறு பனிமணிகளாக மாறும். அப்புறம் சில மணி நேரம் உறைமழை, அதாவது தொட்ட இடத்திலேயே உறைந்துவிடும் மழை. விடியற்காலையில் சாதாரண மழை. காலை பத்து மணிக்குக் காற்று திசை மாறி மறுபடியும் பனி. எல்லாம் பதினெட்டு மணி நேரத்துக்குள்.

முதன்முறை படிப்பவருக்கு, அறிவிப்பை எழுதியவர் எதையும் முடிவு செய்ய முடியாமல் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார் என்றுதான் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. இந்த ஊரில் மார்ச் மாதம் அப்படித்தான் நடக்கும். புயல் வரப்போகிறது என்று சொல்வது இப்போது பெரிய சவாலே இல்லை. நான்கைந்து நாள் முன்பே தெரிந்துவிடுகிறது. வானத்திலிருந்து இறங்கும் தண்ணீர் எந்த வடிவத்தில் தரையைத் தொடும் என்பதில்தான் சிக்கல். அதைத் தீர்மானிப்பது ஒரு டிகிரி வெப்பநிலை, சில நேரம் அரை டிகிரி.

ஏன் இந்த ஊர் பூஜ்ஜியத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது? வரைபடத்தைப் பார்த்தால் செயின்ட் ஜான்ஸ் அப்படியொன்றும் வடக்கில் இல்லை. அதன் அட்சரேகை ஏறக்குறைய 47.6 டிகிரி. பாரிஸ் அதைவிட ஒரு டிகிரிக்கு மேல் வடக்கே இருக்கிறது. மார்ச் 21 அன்று இரண்டு ஊர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு சூரிய வெளிச்சம். ஆனால் பாரிஸின் மார்ச் மாதச் சராசரி வெப்பநிலை 9 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது செயின்ட் ஜான்ஸின் சராசரி பூஜ்ஜியத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே நிற்கிறது. ஏப்ரலில்கூட இரண்டு டிகிரிக்கு அருகில்தான். இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பங்கு காரணம் கடலும் காற்றும். பாரிஸுக்கு மேற்கிலிருந்து காற்று வருகிறது. அது வெதுவெதுப்பான அட்லாண்டிக் கடலைக் கடந்து வரும் காற்று. செயின்ட் ஜான்ஸுக்கும் மேற்குக் காற்றுதான் பிரதானம், ஆனால் அது உறைந்து கிடக்கும் கனடிய நிலப்பரப்பைத் தாண்டி வருகிறது. போதாக்குறைக்கு, ஊரின் வாசலிலேயே லாப்ரடார் நீரோட்டம் ஓடுகிறது. கிரீன்லாந்துக்கும் பாஃபின் தீவுக்கும் இடைப்பட்ட கடலிலிருந்து கிளம்பி, லாப்ரடார் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும் குளிர்ந்த நீர் அது. ஒரு கிளை, ஊர் அமைந்திருக்கும் அவலான் தீபகற்பத்தை உரசிக்கொண்டே போகிறது. மார்ச்சில் அந்த நீரின் மேற்பரப்பு வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். கடல்நீர் உப்பாக இருப்பதால் மைனஸ் 1.8 டிகிரி வரை உறையாமல் தாங்கும்.

கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாகக் குளிரும். சூரியன் டிசம்பரிலேயே திரும்பிவிட்டாலும், இந்தக் கடல் தன் அதிகபட்சக் குளிரை அடைவது பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான். நாள்காட்டியில் வசந்தம் பிறக்கும் நேரத்தில் கடலில் உச்சக் குளிர்காலம் நடந்துகொண்டிருக்கிறது. நிலம் பகலில் ஐந்தாறு டிகிரிக்குச் சூடேற முயலும். கடற்காற்று வந்து அதைத் திரும்பப் பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிடும். கடுங்குளிர் இரவில் கடல் எதிர்த்திசையில் வேலை செய்து, வெப்பநிலை அதிகம் சரியாமல் பிடித்துக்கொள்ளும். கடைசியில் எல்லாம் பூஜ்ஜியத்தைச் சுற்றிச் சுற்றியே வருகிறது. மைனஸ் 15-ல் புயல் வந்தால் கணிப்பாளருக்கு நிம்மதி, எல்லாம் பனிதான். பிளஸ் 8-ல் வந்தால் எல்லாம் மழை. பூஜ்ஜியத்தில் வந்தால்தான் தலைவலி.

புயல்களுக்கோ பஞ்சமே இல்லை. அமெரிக்காவின் ஹட்டராஸ் முனைக்கு அருகே, குளிர்ந்த நிலமும் சூடான வளைகுடா நீரோட்டமும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் காற்றழுத்தத் தாழ்வுகள் பிறந்து வடகிழக்காக ஏறுகின்றன. கொலராடோ பக்கம் பிறந்தவையும் பேரேரிகள் வழியாக வந்து சேரும். எல்லாம் கடைசியில் நியூஃபவுண்ட்லாந்தைத் தொட்டுக்கொண்டோ அருகிலோதான் அட்லாண்டிக்குக்குள் நுழைகின்றன. அவற்றில் சில ஒரே நாளில் பயங்கரமாக ஆழமாகும். 1980-ல் ஃபிரெட் சாண்டர்ஸும் ஜான் க்யாகமும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இவற்றுக்கு 'பாம்' (வெடிகுண்டு) என்றே பெயர் வைத்தார்கள். 60 டிகிரி அட்சரேகையில் 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் அழுத்தம் குறைய வேண்டும் என்பது அவர்களின் அளவுகோல். நியூஃபவுண்ட்லாந்தின் அட்சரேகைக்குச் சரிக்கட்டினால் சுமார் 20 மில்லிபார் போதும். இப்படிப்பட்ட புயல்கள் உலகிலேயே அதிகம் உருவாகும் வட்டாரங்களில் இந்தக் கடல் ஒன்று.

இனி பாதை. தாழ்வின் மையம் ஊருக்கு மேற்கே போனால், ஊர் புயலின் சூடான பக்கத்தில் மாட்டும்: கொஞ்சம் பனி, அப்புறம் தெற்குக் காற்றோடு மழை. தென்கிழக்கே கடலில் தள்ளிப் போனால் குளிர்ந்த பக்கம்: கடைசிவரை பனி. ஏறத்தாழத் தலைக்கு மேலேயே போனால் நான் முதலில் சொன்ன கதம்பம். மையம் ஐம்பது கிலோமீட்டர் இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்பதில் முழு அறிவிப்பும் மாறிவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்துவரும் ஒரு புயலின் பாதையில் ஐம்பது கிலோமீட்டர் பிசகு என்பது உண்மையில் அற்புதமான துல்லியம். ஆனால் காலையில் பனியள்ளும் மண்வாரியோடு வாசலில் நிற்பவருக்கு அது முழுத் தோல்வியாகத் தெரியும்.

30 மில்லிமீட்டர் தண்ணீர் இறங்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல குளிராக இருந்தால் அது 30 சென்டிமீட்டருக்கு மேல் பனியாகக் குவியும். பூஜ்ஜியத்துக்கு அருகில் என்றால் கனமான ஈரப்பனி, 15 அல்லது 20 சென்டிமீட்டர். கொஞ்சம் சூடு ஏறினால் எல்லாம் சாக்கடையில் ஓடிவிடும் மழை. அதே 30 மில்லிமீட்டர் உறைமழையாக இறங்கினால் மின்கம்பிகள் அறுந்து விழும்.

உறைமழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் வசந்தத்துக்கு அதுதான் முத்திரை. அவலான் தீபகற்பத்தில் உறைமழையும் உறைதூறலும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 150 மணி நேரம் இறங்குகின்றன. கனடாவின் பெரிய ஊர்களில் இதுதான் அதிகம், மார்ச்தான் உச்சம். புயலின் முன்பக்கத்தில் சூடான தெற்குக் காற்று மேலே ஏறி வருகிறது. கீழே குளிர்ந்த காற்று கனமாகத் தரையோடு ஒட்டிக்கிடக்கிறது. ஆக, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் பிளஸ் 3, தரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்கு மைனஸ் 2 என்று ஓர் அடுக்கு உருவாகும். மேகத்திலிருந்து பனியாக விழுவது நடுவில் உருகி மழைத்துளியாகிறது. கீழேயுள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் துளி மறுபடி உறைந்து பனிமணியாக வந்து விழும். அதனால் பெரிய சேதம் இல்லை. மெல்லியதாக இருந்தால் உறைய நேரமிருக்காது. பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தும் திரவமாகவே இருக்கும் அந்தத் துளி, மரக்கிளையையோ கம்பியையோ காரையோ தொட்ட உடனே கண்ணாடிபோல ஒட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. எனவே உறைமழை பெய்யப் பெய்யத் தரையோரக் காற்று மெல்லச் சூடாகி, பூஜ்ஜியத்தை எட்டியதும் நிகழ்வு தானாகவே நின்றுவிட வேண்டும். பல ஊர்களில் அப்படித்தான் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. செயின்ட் ஜான்ஸில் முடிவதில்லை. புயலுக்கு முன்னால் வீசும் வடகிழக்குக் காற்று கடலிலிருந்து புதிய குளிரை ஊட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் குளிரின் அளவு கடலில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திறந்த நீராக இருந்தால் காற்று அதன் மேல் வரும்போது பூஜ்ஜியத்துக்கு ஒட்டி மேலே ஏறிவிடலாம். சாதாரணக் குளிர் மழையோடு தப்பித்துவிடலாம். லாப்ரடாரிலிருந்து இறங்கிய மிதவைப்பனி கடலை மூடியிருந்தால், காற்று நீரைத் தொடாமலே பனிக்கட்டிக்கு மேலாக வந்து மைனஸ் 2, மைனஸ் 3 என்று கரையேறும். அதனால் இங்கே நாளைய மழையைக் கணிக்கிறவர் கடற்பனி வரைபடத்தையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்து, வானத்தைப் போலவே கடலின் மேல்தோலையும் இவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டிய ஊர்கள் அதிகமில்லை.

பனி உருகும்போது நடப்பது இதன் மறுபக்கம். உருகும் பனி வெப்பத்தை உறிஞ்சும். ஒன்றிரண்டு டிகிரி சூடான காற்றுக்குள் கனமாகப் பனி விழுந்தால், அந்த அடுக்கையே பூஜ்ஜியத்துக்குக் குளிர்வித்துவிட்டு, பிறகு விழும் பனி உருகாமல் தரை வரை வந்துவிடும். ஆக, எவ்வளவு வேகமாகப் பொழிகிறது என்பதும் மழையா பனியா என்பதைத் தீர்மானிக்கிறது. தூறலாக இருந்தால் மழை, அடித்துப் பெய்தால் பனி. புயலின் உள்ளே எந்தப் பட்டையில் பொழிவு தீவிரமாகும் என்பதை முதல் நாளே சொல்வது இன்றும் கடினம்தான்.

1984 ஏப்ரல் 11 முதல் 14 வரை நடந்ததை அவலான் மக்கள் பல காலம் பேசினார்கள். ஏப்ரல் நடுப்பகுதி அது, பாரிஸில் மரங்கள் தளிர்விடும் நேரம். இங்கே நாள் கணக்கில் உறைமழை இறங்கி, மின்கம்பிகளைச் சுற்றி 15 சென்டிமீட்டர் குறுக்களவுக்குப் பனிக்கட்டி உருளைகளாகப் படிந்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். மின்சாரம் இல்லையென்றால் பல வீடுகளில் சூடும் இல்லை என்று அர்த்தம்.

உறைதூறல் வேறு கதை. அதற்கு மேலே சூடான அடுக்கு தேவையே இல்லை. தாழ்வான மேகம், வெப்பநிலை மைனஸ் 3 முதல் மைனஸ் 8 வரை. அந்த மேகத்துளிகள் ஏன் பனிப்படிகங்களாகவில்லை? படிகம் உருவாக ஒரு தூசியோ துகளோ கருவாக இருந்து உதவ வேண்டும். கடலுக்கு மேலுள்ள சுத்தமான காற்றில், அந்த அளவு குளிரில் வேலை செய்யக்கூடிய துகள்கள் குறைவு. எனவே துளிகள் திரவமாகவே இருந்து ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து தூறலாக இறங்கும். பார்க்கச் சாதுவானது, அளவும் அரை மில்லிமீட்டர் தேறாது. நடைபாதையைக் கண்ணாடியாக்கவும், விமான இறக்கையில் பனிக்கட்டி பிடிக்க வைக்கவும் அது போதும். ரேடாருக்கும் இது சரியாகத் தெரியாது. செயின்ட் ஜான்ஸுக்கு அருகே ஹோலிரூட் என்ற இடத்தில் வானிலை ரேடார் இருக்கிறது. தூரம் கூடக் கூட அதன் கதிர் உயரே போய்விடும். இந்தத் தூறல் மேகமோ தரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். திரை சுத்தமாக இருக்க, வெளியே வழுக்கிக்கொண்டிருக்கும்.

மழையாகத் தொடங்கி உறைநிலைக்குப் போகும் இந்த மாற்றம் எவ்வளவு கொடியது என்பதற்கு 1914-ஐவிடப் பெரிய சாட்சி இல்லை. அக்காலத்தில் ஒவ்வொரு மார்ச்சிலும் கடல்நாய் வேட்டைக்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் கப்பல்களில் பனிவெளிக்குப் போவார்கள். மார்ச் 31 காலையில் எஸ்.எஸ். நியூஃபவுண்ட்லாந்து கப்பலின் ஆட்கள் பனியில் இறங்கி, சில மைல் தள்ளி நின்ற ஸ்டெஃபானோ கப்பலை நோக்கி நடந்தார்கள். அதன் தலைவர் ஏப்ரம் கீன். இவர்களுடைய கப்பலின் தலைவர் அவர் மகன் வெஸ்ட்பரி கீன். ஸ்டெஃபானோ அவர்களுக்குத் தேநீரும் உணவும் கொடுத்து, வேட்டை இடத்தில் இறக்கிவிட்டுப் போனது. இரவுக்கு அவர்கள் தங்கள் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று தந்தை நினைத்தார். ஸ்டெஃபானோவில் பத்திரமாக இருப்பார்கள் என்று மகன் நினைத்தார். இரண்டு கப்பலும் பேசிக்கொள்ள வழியில்லை, ஏனென்றால் நியூஃபவுண்ட்லாந்து கப்பலிலிருந்த கம்பியில்லாத் தந்திக் கருவியை லாபமில்லை என்று உரிமையாளர்கள் அகற்றியிருந்தார்கள்.

புயல் முதலில் ஈரமாக வந்தது. ஈரப்பனியும் மழையும் உடைகளை ஊற வைத்த பிறகு காற்று மாறி வெப்பநிலை சரிந்தது. 132 பேர் இரண்டு இரவுகள் பனியில் தவித்தார்கள். 78 பேர் இறந்தார்கள். அதே புயலில் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சதர்ன் கிராஸ் என்ற கப்பல் அத்தனை பேரோடும் மறைந்துபோனது. இன்றுவரை தடயம் இல்லை. இரண்டும் சேர்த்து 250-க்கும் மேற்பட்ட உயிர்கள். வேட்டைக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி கட்டாயம் என்ற சட்டம் அதற்குப் பிறகே வந்தது.

கருவிகள் குறைவாக இருந்த காலத்தில் மக்களுக்குத் தங்கள் சொந்தக் கணக்கு இருந்தது. மார்ச் 17, புனித பேட்ரிக் நாள். அதை ஒட்டி ஒரு பெரும் பனிப்புயல் வரும், அதுதான் குளிர்காலத்தின் கடைசி அடி என்பது நம்பிக்கை. அதற்கு 'ஷீலாவின் துடைப்பம்' என்று பெயர். ஷீலா யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை: பேட்ரிக்கின் மனைவி என்பார்கள், சகோதரி என்பார்கள், வீட்டு வேலைக்காரி என்றும் சொல்வார்கள். அறிவியலாகப் பார்த்தால் மார்ச் மாதத்தில் எந்தத் தேதியைச் சுற்றியும் இங்கே ஒரு புயல் வரும், அதனால் இந்தக் கணிப்பு தோற்பது கடினம். அதுவே கடைசிப் புயல் என்ற பகுதிதான் ஏமாற்றிவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்தது தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள ரெக்ஹவுஸ் கதை. அங்கே தென்கிழக்குக் காற்று மலையின் மீதேறி மறுபக்கம் பாயும்போது மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். ரயில் பெட்டிகளையே தண்டவாளத்திலிருந்து புரட்டியிருக்கிறது. அங்கே குடியிருந்த லாக்கி மெக்டூகல் என்பவருக்குக் காற்று வருவதை முன்கூட்டியே உணரும் திறமை இருந்தது. ரயில்வே அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வண்டியை விடலாமா நிறுத்தலாமா என்று அவரிடமே கேட்டது. 1965-ல் அவர் இறந்த பிறகு மனைவி எமிலி சில ஆண்டுகள் அந்த வேலையைத் தொடர்ந்தார். இதை வெறும் நாட்டுப்புறச் சுவாரசியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஒரே இடத்தில் வாழ்நாள் முழுக்கக் காற்றைப் பார்த்தவருக்கு, அந்த இடத்தின் மலை வடிவம் காற்றை என்ன செய்யும் என்பது தெரிந்திருந்தது. இன்றைய கணினி மாதிரிகள் இரண்டரை கிலோமீட்டர் கட்டங்களாக நிலத்தைப் பிரித்துச் செய்ய முயல்வதும் அதையேதான்.

தீவின் அதிகாரபூர்வக் கணிப்புக்கு நடுத்தீவிலுள்ள கேண்டர் நெடுங்காலமாகத் தலைமையிடம். 1938-ல் திறக்கப்பட்ட அந்த விமான நிலையம் இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கைத் தாண்டும் போர் விமானங்களின் புறப்பாட்டு இடமானது. 1940 நவம்பர் 10 அன்று ஏழு ஹட்சன் விமானங்கள் முதல் முறையாகக் கூட்டமாகக் கிளம்பி அயர்லாந்தை அடைந்தன. அப்போதைய வானிலை அதிகாரி பேட்ரிக் மெக்டகார்ட்-கோவனை விமானிகள் 'மெக்ஃபாக்' என்று செல்லமாக அழைத்தார்கள். ஃபாக் என்றால் மூடுபனி, இந்தத் தீவுக்குப் பொருத்தமான பட்டம். நடுக்கடலிலிருந்து எந்தத் தகவலும் வராத காலத்தில், கையால் வரைந்த வரைபடத்தை நம்பி அந்த விமானங்கள் பறந்தன.

(இன்னொரு பக்கத் தகவல்: இந்தியா, இலங்கையைப் போல இந்தத் தீவின் கடிகாரமும் உலக நேரத்திலிருந்து அரைமணிக் கணக்கில் விலகியிருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் மிகச் சரியாக ஒன்பது மணி நேர வித்தியாசம்; நிமிட முள்ளைத் தொட வேண்டாம்.)

இன்று கணிப்பாளர் முன்னால் தகவல் குவிந்துகிடக்கிறது. கனடாவின் சொந்தக் கணினி மாதிரிகள் உலகளாவியதிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் நுணுக்கம் வரை பல அளவுகளில் ஓடுகின்றன. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் மாதிரியும் அமெரிக்க மாதிரியும் பக்கத்திலேயே இருக்கும். 1992 முதல் வழக்கத்துக்கு வந்த முறை இன்னொன்று: தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே கணிப்பைப் பல தடவை ஓட்டிப் பார்ப்பது. ஐரோப்பிய மையம் ஐம்பது பிரதிகளை ஓட்டுகிறது. மார்ச் புயலில் அந்த ஐம்பதும் எப்படிப் பிரியும் என்று பார்த்தால் சிக்கல் கண்ணெதிரே தெரியும். இருபது பிரதிகளில் பனி, பதினைந்தில் மழை, மீதியில் உறைமழை என்று வரலாம். இவற்றின் சராசரி என்று ஒன்றை எடுத்தால் அது எந்தப் பிரதியிலும் நடக்காத ஒரு வானிலையாக இருக்கும். கைபேசிச் செயலிகள் செய்வது ஏறத்தாழ அதுதான்: ஒரு மேகப் படம், ஓர் எண். இந்தப் பருவத்தில், இந்தத் தீவில், அந்தப் படத்தைப் பார்த்து வெளியூர்ப் பயணம் கிளம்பக் கூடாது என்பது என் கருத்து. "10 முதல் 20 வரை, பிறகு உறைமழைக்கு வாய்ப்பு" என்று வளவளவென்று எழுதும் மனிதர்தான் அதிகம் சொல்கிறார்.

ஊருக்குள்ளேயே ஒரே பதில் கிடையாது. விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, துறைமுகம் கடலோடு. உயரத்தால் மட்டுமே ஒரு டிகிரி வித்தியாசம். அதிகாரபூர்வ அளவு எடுப்பது மேலே. அங்கே 15 சென்டிமீட்டர் பனி என்று பதிவாகும் இரவில் துறைமுகத் தெருக்களில் வெறும் சேறு இருக்கலாம். அப்புறம் இரண்டு பகுதிக்காரர்களும் கணிப்பைப் பற்றி வெவ்வேறு தீர்ப்புச் சொல்வார்கள்.

கடற்பனியையும் பனிப்பாறைகளையும் கண்காணிப்பது தனி வேலை. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது இந்தத் தீவுக்குத் தெற்கேதான். அதன் அபாயச் செய்தியைக் கேட்ட கரையோர நிலையம் இங்குள்ள கேப் ரேஸ். அதன் விளைவாக 1914-ல் பன்னாட்டுப் பனிப்பாறைக் கண்காணிப்பு அமைப்பு உருவானது. 48 டிகிரி அட்சரேகையைத் தாண்டித் தெற்கே வரும் பனிப்பாறைகளை அது எண்ணுகிறது. 1966-ல் ஒன்றுகூட வரவில்லை. 1984-ல் இரண்டாயிரத்துக்கும் மேல். இந்த அளவு ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் காற்றும் மிதவைப்பனியும். வடமேற்குக் காற்று வலுத்த குளிர்காலங்களில் மிதவைப்பனி பரவலாக இருக்கும். அது அலைகளை அடக்குவதால் பனிப்பாறைகள் கரையாமல் தெற்கே வந்து சேரும். முன்பு விமானத்தில் போய்க் கண்ணால் பார்த்தார்கள். 1995-ல் முதல் ராடார்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்ட பிறகு மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்க முடிகிறது. 1997 முதல் எண்ணெய் எடுக்கும் ஹைபர்னியா மேடை போன்றவற்றுக்கு இந்தத் தகவல் அன்றாடத் தேவை.

மார்ச் முடிந்து ஏப்ரல் நகர நகர உறைமழை குறைந்து மூடுபனி ஏறும். தெற்கிலிருந்து வளைகுடா நீரோட்டத்தின் மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று, தீவுக்குத் தென்கிழக்கே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் என்ற ஆழம் குறைந்த கடற்பகுதியில் குளிர்ந்த நீரைத் தொட்டதும் அடியிலிருந்து குளிர்ந்து மூடுபனியாகிறது. நிலத்து மூடுபனியைப் போல வெயில் ஏறினால் கலைவதில்லை. பலத்த காற்றிலும் அப்படியே நகர்ந்து வரும். தென்கரையிலுள்ள அர்ஜென்ஷியாவில் ஆண்டுக்கு 200 நாட்களுக்கு மேல் மூடுபனி. கோடை வரை இது நீடிக்கும். 1986 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர்கள் 150-க்கும் மேற்பட்டோர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தபோது, கஸ் டால்டன் என்ற மீனவரின் படகு அவர்களைக் கண்டுபிடித்தது இதே தென்கரைக் கடலில், மூடுபனிக்கு நடுவே. கனடாத் தமிழர் வரலாற்றில் அந்த நாளுக்குத் தனி இடம் உண்டு. அங்கே மூடுபனி எவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கண்டுபிடிப்பு இன்னும் வியப்பாகத் தோன்றும்.

ஒரு வசந்தம் முழுக்க எப்படி இருக்கும் என்று முன்பே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு மேல் முடியாது. கிரீன்லாந்துக்கு மேல் உயரழுத்தம் நிலைகொண்டு விட்டால் தாழ்வுகள் தப்பிப் போக வழியின்றி தீவுக்குத் தென்கிழக்கே தேங்கி நிற்கும். வாரக்கணக்கில் வடகிழக்குக் காற்று, தூறல், சாம்பல் வானம். அந்தத் தடை உருவாவதை ஏழெட்டு நாள் முன்பு ஊகிக்கலாம். எப்போது உடையும் என்பதில் மாதிரிகள் திரும்பத் திரும்பச் சறுக்குகின்றன. நீண்டகாலப் போக்கில் இந்தக் கடலின் மிதவைப்பனி குறைந்துவருகிறது. 2010, 2011, 2021 ஆண்டுகளில் மிகவும் குறைவு. இடையில் 2017-ல் வடதுருவத்துத் தடித்த பனிக்கட்டிகள் உடைந்து இறங்கி, ஜூன் மாதத்திலும் மீன்பிடிப் படகுகளைச் சிறைப்பிடித்தன. அமுண்ட்சென் என்ற ஆய்வுக் கப்பல் தன் பருவநிலை ஆய்வுப் பயணத்தின் முதல் கட்டத்தையே கைவிட்டு மீட்புப் பணிக்குப் போக வேண்டியிருந்தது.

மே மாதம் வந்ததும் சிக்கல் வேறு உருவம் எடுக்கும். உள்நாட்டில் நிலம் நன்றாகச் சூடாகிவிடும், கடல் இன்னும் மூன்று நான்கு டிகிரியில்தான் இருக்கும். தென்மேற்குக் காற்று அடித்தால் தீவின் நிலப்பரப்பைக் கடந்து வருவதால் செயின்ட் ஜான்ஸிலும் 18 டிகிரி வெயில் கிடைக்கும். அதே நாளில் காற்று வடகிழக்காகத் திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் பத்து டிகிரி இறங்கிவிடும். அதனால் அந்த மாதத்து அறிவிப்புகளில் இரண்டு எண்கள் சேர்ந்தே வரும்: அதிகபட்சம் 16, கடலோரத்தில் 6. வாரயிறுதிக்குக் கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் முதல் எண்ணைப் பார்ப்பதில்லை, காற்றின் திசையைத்தான் பார்க்கிறார்கள்.